அளவை நிறுவையும் இணைய வேகமும்

அளவையிலும் நிறுவையிலும் மோசடி கூடாது என்பதில் எமது மார்க்கம் மிகக் கண்டிப்பானது. அளவில் குறைவு செய்வோரைக் குறிக்கும் பெயரிலேயே அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அமைந்துள்ளது. அரிசிக்கும் துணிக்கும் இதைப் பொருத்திப் பார்க்கும் நாம், கண்ணுக்குத் தெரியாத இணைய வேகத்துக்குப் பொருத்திப் பார்ப்பதில்லை.

செப்புக் கம்பியூடாக வரும் புரோட்பேண்ட் இணைப்பின் வேகம் எல்லா வீட்டுக்கும் ஒன்றல்ல. 2003இல் தரப்படுத்தப்பட்ட ஏடிஎஸ்எல் 2 பிளஸ் முறையின் உச்ச வேகம் வினாடிக்கு 24 மெகாபிற். ஆயினும் தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் சரிந்துவிடும். எனவே ஒவ்வொரு கம்பியினதும் தற்போதைய வேகம், எட்டக்கூடிய வேகம், தாமதம் முதலியவற்றை இணைப்பு ஏற்படும்போதே வலையமைப்புக்கு அறிவிக்கும் ஏற்பாடு, 2006இல் டிஆர்-101, ஆர்எப்சி 4679 ஆகிய ஆவணங்களில் வகுக்கப்பட்டது. அதைக் கொண்டு, கம்பி தாங்குமளவுக்கே தரவை அனுப்ப மத்திய சாதனத்தால் முடியும்.

இச்சாதனங்களை வாங்குமுன், மென்பொருளில் ஆயிரக்கணக்கான கற்பனைச் சந்தாதாரர்களை உருவாக்கிப் பரிசோதிப்பது வழக்கம். அவர்களது கம்பிகளின் தன்மைகளையும் பரிசோதிப்பவரே நிரப்ப வேண்டும். தராசு சரிவது இங்குதான். எல்லோருக்கும் 24 மெகாபிற் என்று ஒரே பெறுமானத்தை இட்டால் பரிசோதனை இலகுவில் சித்தியடையும். மெதுவான கம்பிக்கேற்ப சாதனம் வேகத்தைக் குறைக்கிறதா என்பது மட்டும் சோதிக்கப்படாமலே போகும். அதன் விளைவைத் தூரத்து வீட்டுக்காரர் அனுபவிப்பார். பேச்சு அறுபடும், கொடுப்பனவு இடைநடுவில் நின்றுவிடும், பட்டியலில் கட்டணம் மட்டும் குறையாது.

வேறுபட்ட பெறுமானங்களை இடுவது நேரத்தை விழுங்கும் என்பர். நிறுவனத்தின் சொந்தப் பதிவேடுகளிலேயே உண்மையான கம்பிகளின் வேகங்கள் இருக்கின்றன. அதே விகிதத்தில் கிட்டியவை, தூரத்தவை, தகவலே தராதவை எனக் கலந்து இட்டால் போதுமானது. இனி எல்லாம் ஃபைபர்தானே என்போரும் உளர். ஜீபொன் முறையில் சுமார் 2.5 கிகாபிற்றைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை அவர்கள் மறக்கலாகாது.

பிரித்தானியாவில் 2018 மே மாதம் முதல், விளம்பரப்படுத்தும் வேகத்தை உச்ச பாவனை நேரத்திலும் குறைந்தது பாதி வாடிக்கையாளர்களாவது பெற வேண்டும் என விதிக்கப்பட்டது. அதற்கு முன்னர் பத்தில் ஒருவருக்குக் கிடைத்தாலே போதுமாயிருந்தது.

எனவே இணைய சேவை வாங்கும் எமது வர்த்தகர்கள் "எவ்வளவு வரை?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், "எனது கம்பியில் எவ்வளவு?" என்றும் கேட்க வேண்டும். விற்பவர் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அந்தப் பதிலின் நேர்மை, பரிசோதனைக் கூடத்தில் இடப்படும் பெறுமானத்திலிருந்தே ஆரம்பிக்கிறது.