டர்போவைக் கழற்ற வேண்டாம்

காய்கறியும் பாலும் ஏற்றிப்போக, உர மூட்டை கொண்டுவர, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக என்று பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி வைத்திருக்கும் விவசாயிகள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பொலிரோ, சுமோ போன்ற வண்டிகள் பத்துப் பதினைந்து வருடம் பிறரிடம் ஓடிவிட்டு நம்மிடம் வந்து சேருகின்றன. அவற்றில் பல, டர்போ பொருத்தியவை. வாங்கிய ஆறு மாதத்தில் புகை கக்குகிறது, இழுவை குறைகிறது என்று பட்டறைக்குப் போனால் கிடைக்கும் முதல் யோசனை, "அந்த டர்போவைக் கழற்றிடுங்க அண்ணே, தொல்லை விட்டது" என்பதுதான். இந்த யோசனை தவறு என்பது என் அபிப்பிராயம். அதைக் கேட்டு நானும் ஒருமுறை நஷ்டப்பட்டேன்.

டர்போ என்பது ஒரே அச்சின் இரு முனையிலும் உள்ள இரண்டு காற்றாடிகள். என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒன்றைச் சுழற்றுகிறது. மற்றது வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடுதலாகக் கிடைப்பதால் கூடுதல் டீசலை எரிக்க முடிகிறது. சிறிய என்ஜின் பெரிய பாரத்தை இழுக்கிறது. சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். டர்போ டீசல் கார் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1978-ல், மெர்சிடிஸ் 300 எஸ்டி. அந்த என்ஜின் பல லட்சம் கிலோமீட்டர் ஓடிப் பெயர் வாங்கியது. ஆகவே டர்போ இருந்தாலே என்ஜினுக்கு ஆயுசு குறைவு என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

என் வண்டியில் டர்போவைக் கழற்றி, புகைக்குழாயை நேராக இணைத்துக் கொடுத்தார்கள். டீசல் பம்ப்போ டர்போ தரும் காற்றை நம்பி அமைக்கப்பட்டது. காற்று குறைந்ததும் டீசல் சரியாக எரியாமல் கரும்புகை வந்தது. டீசல் செலவும் கூடியது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போனபோது மேட்டில் சூடேறி நின்றுவிட்டது. ஆறவைத்து, தண்ணீர் ஊற்றிப் போய்ச் சேர்வதற்குள் வியாபாரம் முடிந்துவிட்டது. அன்று தக்காளியைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தேன். பிறகு வேறொரு பட்டறையில், கழற்றிய டர்போவை எடுத்துப்போய்க் காட்டினேன். அதற்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாய் கரி பிடித்து அடைத்திருந்தது. முந்தைய சொந்தக்காரரும் ஆயில் மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை.

டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். ஆயில் எப்போது மாற்றுவது என்பதில்தான் நாம் ஏமாறுகிறோம். கையேட்டில் கிலோமீட்டர் கணக்கு இருக்கும். அது நல்ல சாலையில் ஓடும் வண்டிக்குப் பொருந்தும். நம் வண்டி வண்டிப்பாதையில் முதல் கியரில் ஊர்கிறது. மூட்டை ஏற்றி முடியும்வரை நின்றபடியே ஓடுகிறது. மீட்டர் நகராது, ஆயில் மட்டும் கெட்டுக்கொண்டிருக்கும். 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது ஆயிலையும் ஆயில் பில்டரையும் சேர்த்து மாற்றுவது என் வழக்கம். கையேட்டில் சொன்ன டீசல் ஆயிலையே ஊற்றவேண்டும். புது ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும். டீசல் என்ஜினில் அது இயல்பு.

இன்னொரு வழக்கத்தையும் விடவேண்டும். பாரத்தோடு மேடேறி வந்து வீட்டு வாசலில் நின்றதும் சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம். அணைத்தவுடன் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். டர்போவோ கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே தங்கிய ஆயில் வெந்து கரியாகும். என் குழாய் அடைத்த கதையும் இதுவே. இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு அணைத்தால் போதும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் உறுமவிடாமல் இருக்கவேண்டும்.

புழுதி அடுத்த எதிரி. கடலை பிடுங்கும் காலத்தில் ஏர் பில்டரை நான் வாரம் ஒருமுறை பார்க்கிறேன். காற்றடித்துச் சுத்தம் செய்தால் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக அடிக்கவேண்டும். கிழிந்த பில்டரையும் தளர்ந்த ஹோஸ் கிளிப்பையும் வைத்துக்கொண்டு ஓட்டினால் மண் நேராகக் காற்றாடியைத் தின்னும், பிறகு பிஸ்டன் ரிங்கையும் தின்னும். ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். சொட்டுநீர்க் குழாயை அடைக்கிற அதே உப்பு அங்கேயும் படியும். மண்ணெண்ணெய் கலப்பவர்களிடம் என்ன சொல்வது? சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், பம்ப்புக்கு வழுவழுப்பைத் தருவதே டீசல்தான்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்காமல், என்ஜின் ஆறியிருக்கும்போது, சாவியை எடுத்துவிட்டு, டர்போவுக்குக் காற்று போகும் ஹோஸைக் கழற்றச் சொல்லுங்கள். காற்றாடியின் நடு நட்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கை சுற்றுச்சுவரில் உரசியிருந்தாலோ விலையைக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, சூடானபின் புகையைக் கவனியுங்கள். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காரணம் டர்போ சீலாகவும் இருக்கலாம், ரிங்காகவும் இருக்கலாம்.

டர்போ வழியாக ஆயில் ஒழுகுவதை அலட்சியம் செய்தால் ஆபத்து உண்டு. ஒழுகல் அதிகமானால் என்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு வெறிபிடித்ததுபோல் ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்போது வண்டியை நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுப் பலத்துடன் மிதித்தபடி கிளட்சைச் சட்டென்று விடவேண்டும். அணையாவிட்டால் காற்று இழுக்கும் வாயைத் தட்டையான பலகையால் மூடலாம். கையையோ துணியையோ வைத்தால் உள்ளே இழுத்துவிடும். என்ஜின் அலறும் வேகத்தில் இருந்தால் பக்கத்தில் போகாமல் விலகி நிற்பதே நல்லது. நின்றபின் டர்போவைச் சரிசெய்யாமல் மறுபடி ஸ்டார்ட் செய்யக்கூடாது.