துப்பாக்கியும் நாற்காலியும்

மெர்கோங் ஒட்டுக்கடைகளில் உலக அரசியல் பேசும் நமது வாலிபத் தோழர்களிற் சிலர் ஒரு புதிய வேதம் ஓதத் தொடங்கியிருக்கின்றனர். நேப்பாளத்தில் பிரசண்டா துப்பாக்கி எடுத்தாராம். மன்னன் மகுடம் இழந்தானாம். அவர் மூன்று முறை பிரதம மந்திரியானாராம். ஆகவே ஏழைக்குத் துப்பாக்கியே வழியாம்! பாதிக் கதையை வைத்துக்கொண்டு முழுத் தீர்ப்பு எழுதுவது பகுத்தறிவாகாது என்று சொல்லுகிறோம்.

பிரசண்டா என்னும் புஷ்ப கமல் தகால் 1996 பிப்ரவரியில் தொடங்கிய போர் பத்தாண்டு நடந்தது. சுமார் 17,000 பேர் மாண்டனர். எனினும் தலைநகரைப் படைகொண்டு பிடிக்க அவரால் முடியவில்லை. 2006 ஏப்ரலில் கட்சிகளும் பொதுமக்களும் தெருவில் திரண்டே மன்னரைப் பணியவைத்தனர். அவரும் அதற்குத் துணை நின்றார். நவம்பரில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. துப்பாக்கிகள் ஐக்கிய நாடுகள் சபையின் மேற்பார்வையில் பெட்டிக்குள் பூட்டப்பட்டன. 2008-ல் அவரை நாற்காலியில் ஏற்றியது வாக்குச் சீட்டு. 2013-ல் அவர் கட்சியை மூன்றாமிடத்திற்குத் தள்ளியதும் அதே வாக்குச் சீட்டுத்தான்.

நிற்க. ஏறியவர் சாதித்ததென்ன? முடியாட்சி ஒழிந்தது உண்மை, அதை மறுக்கமாட்டோம். ஆனால் பிழைப்புத் தேடிக் கடல் கடக்கும் நேப்பாளிகளின் வரிசை ஒழிந்ததா? நமது நாட்டு ஆலை வாயில்களில் இரவெல்லாம் காவல் நிற்கும் நேப்பாளித் தொழிலாளியைக் கேளுங்கள், அவனே சாட்சி.

இனி நமது கெடாவுக்கு வருவோம். 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் பாலிங் பள்ளிக்கூடத்தில், காட்டிலிருந்து வந்த சின் பெங்கும் அலோர் ஸ்டாரிற் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மானும் எதிரெதிரே உட்கார்ந்தனர். அவர் கட்சிக்குச் சட்ட அங்கீகாரம் கேட்டார். இவர் சரணாகதி கேட்டார். பேச்சு முறிந்தது. 1989 டிசம்பரில் ஹாட்யாய் ஒப்பந்தம் வரும்வரை முப்பத்து நான்கு ஆண்டுகள் வீணாயின. வாசற்கதவை அடைத்துவிட்டு, ஜன்னல் வழியே குதித்தான் என்று குற்றம் சாட்டுவது எந்தச் சர்க்காருக்கும் அழகன்று என்பது நமது அபிப்பிராயம்.

இதில் நசுங்கியவர் யார்? ஒருபுறம் காட்டின் மிரட்டல், மறுபுறம் பட்டாளத்தின் சோதனை. நடுவில் முள்வேலியும் அளந்து கொடுத்த அரிசியுமாக வாழ்ந்த தோட்ட மக்களல்லவா? 1948 ஜூனில் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பதிவு ரத்தாயிற்று. அதே மாதம் அவசரகாலம் பிரகடனமாயிற்று. சம்மேளனத் தலைவர் எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்னும் குற்றத்தின்பேரில் 1949 மே 4-ல் தூக்கிலிடப்பட்டார். சங்கம் பேசியபோது முதலாளி நடுங்கினான். துப்பாக்கி பேசியபோதோ சங்கத்தின் குரல் அமுங்கிப்போயிற்று.

ஆகவே, தோழர்களே! துப்பாக்கி எடுத்தவரைத் தொழவும் வேண்டாம்; நாற்காலி ஏறியவருக்கு மாலை சூட்டவும் வேண்டாம். சங்கத்திற்குச் சந்தா கட்டுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏறியவர் எவராயினும், எங்கள் கூலி என்ன ஆயிற்று, குடியிருக்கும் வீடு என்ன ஆயிற்று என்று வருஷந்தோறும் கணக்குக் கேளுங்கள். கணக்குக் கேட்காத மக்களுக்குக் காட்டிலிருந்து வந்தவரும் ஒன்றே. கோட்டையிலிருந்து வந்தவரும் ஒன்றே.