இயந்திரம் சொல்லும் 'இல்லை'

கணினிக்குக் கட்டளை எழுதுவோர் பெரும்பாலும் சமையற் குறிப்பு எழுதுவோரைப் போல, முதலில் இதைச் செய், பின்னர் அதைச் செய் என்று படிப்படியாகச் சொல்லிச் செல்வர். 1972ஆம் ஆண்டளவில் பிரான்சு தேசத்து மார்செய் நகரிலே அலன் கொல்மெரோவர், பிலிப் ரூசெல் என்போர் ஆக்கிய புரோலொக் மொழியின் போக்கு வேறு. உண்மைகளையும் விதிகளையும் எழுதிவைத்துக் கேள்வி கேட்பதே அங்கு வழக்கம். விடை தேடும் வேலை இயந்திரத்தினுடையது.

நாமெல்லாம் அறிந்த இராமகாதையையே எடுத்துக்கொள்வோம். தசரதன் மைந்தன் இராமன். தசரதன் மைந்தன் பரதன். இராமன் மைந்தன் இலவன். இராமன் மைந்தன் குசன். இலக்குவனும் சத்துருக்கனனும் பொறுத்தருள்வார்களாக, இடம் போதாது. 'மைந்தனுக்கு மைந்தன் பேரன்' என்று ஒரு விதியும் எழுதி, "தசரதனுக்குப் பேரன் யார்?" என வினவுவோம்.

கணினி முதலில் இராமனைப் பற்றிக்கொண்டு இலவனைக் காண்கிறது. வேறும் உண்டோ என்றால், தான் கடைசியாகத் தெரிவுசெய்த இடத்துக்கு மீண்டு குசனைத் தருகிறது. இன்னும் கேட்டால், இராமன் வழி முடிந்தமையால் மேலும் ஒரு படி பின்சென்று, இராமனை விட்டுப் பரதனைப் பற்றுகிறது. வழி தவறியவன் கடந்துவந்த சந்திக்குத் திரும்பி அடுத்த தெருவிற் புகுவது போன்றது இது. பரதனுக்கு மைந்தர் எவரும் எழுதப்படவில்லை. ஆகவே "இல்லை" என்கிறது.

மாணவர்கள் கருத்தூன்ற வேண்டியது இந்த 'இல்லை'யில்தான். வான்மீகத்தின் உத்தரகாண்டம் பரதனுக்குத் தக்கன், புட்கலன் என்னும் இரு மைந்தரைக் கூறுகின்றது. "நீர் தந்தவற்றைக் கொண்டு நிறுவ இயலவில்லை" என்பதே கணினி சொன்னதன் பொருள். புகைவண்டி நேர அட்டவணையில் இல்லாத வண்டி ஓடாது என்று கொள்வதிற் பெரும் பிழையில்லை. ஆனால், நோயாளி ஒருவருக்கு இன்ன மருந்து ஒவ்வாது என்பதை எவரும் கேட்டு எழுதாதவிடத்து, "ஒவ்வாமை இல்லை" என்று வரும் விடையை நம்பி ஊசி ஏற்றலாமோ?

இத்தகைய இடங்களில், 'வினவப்பட்டது, ஒவ்வாமை இல்லை' என்பதையும் தனியோர் உண்மையாக எழுதுதல் வேண்டும். அது இருந்தாலன்றி மருந்துக்கு இடங்கொடாதவாறு விதியை அமைத்தல் வேண்டும். விதி ஒரு வரிதான். ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்டு எழுதுவதற்கே ஆள் வேண்டும்.