சூப்பர் என்று சொல்லாத நண்பன்

ஆத்தூர், ராசிபுரம் பக்கம் புதுசாக வீடு கட்டுகிறவர்கள் கையில் இப்போதெல்லாம் ஒரு படம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் செய்த 3டி எலிவேஷன். பளிச்சென்று நீல வானம், வாசலில் புல்தரை, அவர் இன்னும் வாங்காத ஒரு வெள்ளைக் கார்! நாலு வீட்டுப் படங்களைக் கலந்து வைத்தால் எது யாருடையது என்று அவரவருக்கே தெரியாது. போதாக்குறைக்கு ஏ.ஐ. வேறு வந்துவிட்டது. கேட்ட மாத்திரத்தில் நாலு படம் தருகிறது, நாலும் ஒரே ஜாடை.

மென்பொருளைத் திட்டிப் பிரயோஜனமில்லை. வரைகிறவருக்கும் காசு கொடுக்கிறவருக்கும் நடுவில், "இந்த இடம் சரியில்லப்பா" என்று சொல்ல இன்னொரு தொழில்காரர் இல்லை. அதுதான் குறை.

தம்மம்பட்டிப் பட்டறைகளில் நிலைமை வேறு. வாகை, தூங்குமூஞ்சி மரங்களில் சாமி சிலைகளும் வாகனங்களும் கதவுகளும் செதுக்கும் ஊர் அது. முதலில் தாளில் கோட்டுப்படம், பிறகு அது மரத்துக்கு மாறும், அப்புறம்தான் உளியும் கொட்டாப்புளியும். சிற்ப நூல்களில் தாலம் என்று ஓர் அளவு உண்டு. முகத்தின் நீளத்தை வைத்து உடம்பு முழுவதையும் பிரிக்கும் கணக்கு. அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் "முகம் நீளுது" என்றால் அது வெறும் அபிப்பிராயம் இல்லை, அளந்து பார்த்துவிடலாம். எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவுகோல் இருந்தால் விமர்சனத்தில் கோபத்துக்கு வேலை குறைவு.

கணக்குப் பாடம் படிப்பவர்களுக்கு இதில் இன்னொரு விஷயம் புரியும். தாளில் தப்பைத் திருத்த ஒரு ரப்பர் போதும். மரத்தில் ஒருமுறை அதிகமாக வெட்டிவிட்டால் திரும்ப ஒட்டவா முடியும்? மரமும் போச்சு, அத்தனை நாள் கூலியும் போச்சு. கருத்துக் கேட்க வேண்டிய நேரம் படம் இன்னும் கோடாக இருக்கும்போதுதான். ஆனால் 3டி படம் முதல் நாளே நிழலும் பளபளப்பும் பூசிக்கொண்டு வந்து நிற்கிறது. முடிந்துபோன மாதிரி தெரியும் ஒன்றைக் குறை சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்...

கொல்லிமலைக்கு அந்தப் பக்கம், நாமக்கல்லில் 1919ல் பிறந்த ஓவியர் சில்பியின் கதை இங்கே பொருந்தும். இயற்பெயர் சீனிவாசன். சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு ஆனந்த விகடனுக்கு வந்தார். அங்கே மூத்த ஓவியர் மாலி. பத்திரிகைக்குத் தேவையான மனித முகங்களையும் கேலிச் சித்திரங்களையும்விடக் கட்டடமும் சிற்பமும்தான் இவர் கைக்கு நன்றாக வருகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பக்கம் திருப்பிவிட்டவர் மாலிதான். சும்மா "நல்லா இருக்கு" என்று முதுகைத் தட்டியிருந்தால் தமிழ்நாட்டுக்குத் 'தென்னாட்டுச் செல்வங்கள்' கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. அந்தத் தொடருக்காக ஊர் ஊராகப் போய்க் கோயிலில் உட்கார்ந்து, விமானத்தையும் தூணையும் பேனா மையில் வரைந்தார் சில்பி. அதில் நீல வானமும் கிடையாது, காரும் கிடையாது. ஆனால் கல்லின் கனம் தெரியும்.

கட்டடக்கலைக் கல்லூரிகளில் ஜூரி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது மார்க் போடும் இடம். மார்க் போடுகிறவர் முன்னால் மாணவன் தன் படத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பான், மாற்றப் பார்க்க மாட்டான். வகுப்புத் தோழர்களோ "சூப்பர் மச்சி"யோடு நிறுத்திக்கொள்கிறார்கள். (நாளைக்கு அவன் படத்தையும் நாம் பார்க்க வேண்டுமே, அந்தப் பயம்தான்!) "சூப்பர்" என்பதை வைத்து எந்தக் கோட்டை அழிப்பது? "தூண் மெலிசு, மேலே இருக்கும் பாரத்தைத் தாங்குகிற மாதிரி தெரியலை" என்றால் அழிக்கலாம்.

சேலம் பக்கத்து டிசைனர்கள் ஒன்று செய்யலாம். வாசல் கதவுக்கு இணையத்தில் கிடைத்த படத்தை ஒட்டுவதற்கு முன்னால், வண்ணம் பூசாத கருப்பு வெள்ளைக் கோட்டுப்படம் ஒன்றைத் தம்மம்பட்டிக்கு எடுத்துப் போகலாம். எந்தப் பூ எவ்வளவு ஆழம் இறங்கும், எந்த மூக்கு உடைந்துவிடும் என்று திரையில் தெரியாது. அதைச் செதுக்கப் போகிறவர் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, அந்தத் தாளின் மேலேயே கிறுக்கச் சொல்ல வேண்டும். கிறுக்கிய தாளோடு திரும்பி வந்து, அதன் பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தால் போதும்.