சொல்லைக் காத்து நாவை அறுப்பதோ?

ஒரு மொழிக்குப் பகை அயலிலிருந்தே வரும் என்று எண்ணுவார் பலர். அம்மொழியையே பேசி, அதன் பெயராலேயே பெருமை கொள்ளும் ஆட்சியாளரும் அதற்குப் பகைவராதல் உண்டு. பாரசீகப் பாவலர் இசுமாயில் கோயியின் வாழ்வு அதற்குச் சான்று.

ஈரான் அரசுகள் பாரசீகத்தின்பால் காட்டிய பற்றுச் சிறிதன்று. 1935-இல் நிறுவப்பெற்ற மொழிக்கழகம் அரபுச் சொற்களைக் களைந்து, தூய பாரசீகச் சொற்களை ஆக்கிப் பரப்பியது. நகராட்சிக்கு அன்று ஏற்கப்பெற்ற ‘சகர்தாரி’ என்னும் சொல் இன்றும் மக்கள் நாவில் வழங்குகின்றது. போற்றத்தக்க பணியே அது. ஆயினும், அதே மன்னரின் ஆட்சியில், 1939-இல், பருக்கி யசுதி என்னும் பாவலர் சிறையிலேயே மாண்டார். சொல்லுக்கு அரியணை, சொன்னவனுக்குச் சிறை!

கோயி 1938-இல் மசுகது நகரில் பிறந்தவர். ஆயிரம் ஆண்டுகட்கு முன் சாநாமா பாடிப் பாரசீகத்தைத் தலைநிமிரச் செய்த பிர்தவுசியின் நினைவிடம் அந்நகருக்கு அருகிலேயே உள்ளது. இலண்டனில் மெய்யியல் பயின்று, தாயகம் மீண்டு, தெகரானில் அதனையே கற்பித்தார். தணிக்கையை எதிர்த்து 1968-இல் தோன்றிய ஈரான் எழுத்தாளர் கழகத்தை நிறுவியவருள் அவரும் ஒருவர். மன்னராட்சி அக்கழகத்துக்கு ஒப்புதல் தரவில்லை.

1979-இல் மன்னராட்சி வீழ்ந்து, மதத்தலைவர் ஆட்சி எழுந்தது. முடி போய்த் தலைப்பாகை வந்தது. வாய்ப்பூட்டு மட்டும் அகலவில்லை. 1981-இல் எழுத்தாளர் கழகம் ஒடுக்கப்பட்டது. அதன் உறுப்பினராகிய பாவலர் சயீது சுல்தான்பூர் தம் திருமண நாளன்றே தளைப்படுத்தப்பட்டு, அவ்வாண்டு சூன் திங்களில் கொல்லப்பட்டார். கோயியோ ஏறத்தாழ ஈராண்டுக் காலம் மறைந்து வாழ்ந்து, பின்னர் நாட்டை விட்டு வெளியேறி, இலண்டனில் ஏதிலியாய்த் தங்கினார்.

ஆங்கிலம் அவர்க்குக் கைவந்த மொழி. அதிலும் பா எழுதினார். எனினும் அவர்தம் உயிர்மூச்சு பாரசீகமே. நிமா யூசீசு வகுத்த புதுநெறியிலும் பழைய யாப்பிலும் இறுதிவரை பாடிக்கொண்டே இருந்தார். ஆனால், எம்மக்களுக்காகப் பாடினாரோ அம்மக்கள் நடுவே நின்று பாடும் வாய்ப்பு அவர்க்கு மீண்டும் கிட்டவே இல்லை. ஒரு பாவலனுக்கு இதனினும் கொடிய ஒறுப்பு வேறென்ன?

2010-இல் செருமானிய நகராகிய கோபுர்க்கு, உரூக்கெர்ட்டு என்னும் அறிஞர் பெயரால் அமைந்த பரிசை அவர்க்கு வழங்கியது. பாரசீகப் பாக்களையும், நம் திருக்குறளின் ஒரு பகுதியையும் செருமானியத்தில் பெயர்த்தவர் அவ்வறிஞர். பெற்ற நாடு துரத்திய பாவலனை அயல்நாடு பெருமைப்படுத்திற்று! 2021 மே 25-ஆம் நாள், கோயி இலண்டனிலேயே கண்மூடினார்.

தூய சொற்களை ஆக்குதல் மொழிக்குச் செய்யும் தலையாய தொண்டுகளுள் ஒன்று. ஆனால், ஆக்கிய சொல் அகரமுதலியில் கிடந்து உயிர்வாழாது. அஞ்சாது பேசும் நாவில்தான் அது வாழும். எனவே, மொழி காக்கும் அரசு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் எவ்வரசையும் மதிப்பிடுவார், அது ஆக்கித் தந்த சொற்களை எண்ணுவதோடு நில்லாது, அது அடைத்த வாய்களையும் எண்ணிப் பார்ப்பாராக!