மாரத்தான் ஞாயிறும் பஞ்சரத்னமும்

2004-ல் தொடங்கிய மும்பை மாரத்தான் இப்போது ஜனவரி மூன்றாம் ஞாயிறன்று நடக்கிறது. தியாகராஜ ஆராதனைக்குரிய புஷ்ய பகுள பஞ்சமியும் பெரும்பாலும் அந்த நாட்களையொட்டியே வருகிறது. 2025-ல் சனிக்கிழமை பஞ்சமி, மறுநாள் மாரத்தான். லீவு நாளென்று ஆராதனையை ஞாயிறு காலையில் வைப்பவர்களுக்குத்தான் சங்கடம்.

மாஹிம், வொர்லி, பெடர் ரோடு என்று சாலைகளை மூடிவிட்டால் மிருதங்கத்தையும் தம்புராவையும் தூக்கிக்கொண்டு வித்வான்கள் எப்படி வருவார்கள்? டாக்ஸியை நம்பியிருக்கும் பெரியவர்கள்? தனிக் கச்சேரியை இருப்பவர்களுக்குப் பாடி முடித்துவிடலாம். பஞ்சரத்னம் கோஷ்டி கானம். பாதிப் பேர் வராவிட்டால் அதற்குக் களையே இல்லை. ஓடப் போகும் நம் பிள்ளைகளையும் "ஓட்டமா, பாட்டா?" என்று கேட்பது நியாயமல்ல.

மாலையில் வைத்தால் குறையா என்று சிலர் கேட்கலாம். நம் வசதிக்காகத் திதியையே மாற்றிக்கொண்ட நாம், நேரத்தை மாற்றத் தயங்குவானேன்? நம்மில் பலருக்குப் பூர்வீகமான பாலக்காட்டில், கல்பாத்தித் தேருக்கு முந்தைய நாட்களிலேயே சங்கீத உற்சவம் நடக்கிறது. தேரும் பாட்டும் அங்கே மோதிக்கொள்வதில்லை.

அடுத்த ஆராதனைக்குத் தேதி குறிக்கும்போது கமிட்டியார் பஞ்சாங்கத்தோடு மாரத்தான் தேதியையும் பார்க்கட்டும். காலையில் ஓடியவர்களும் மாலையில் வந்து பாடட்டும்.