வாங்கி அணிய முடியாத சின்னங்கள்

ராணுவ பாணி ஜாக்கெட்டும் கால்சட்டையும் இன்று நடைபாதைக் கடைகளிலேயே கிடைக்கின்றன. கட்டட வேலைக்குப் போகிறவரும் கல்லூரி மாணவரும் அணிகிறார்கள். துணி உழைக்கும், அழுக்கு தெரியாது. அதில் குற்றம் காண ஏதுமில்லை. அதன்மேல் தைத்துக்கொள்ளும் சின்னங்கள்தான் சிக்கல்.

பாராசூட் படைப்பிரிவின் ‘பலிதான்’ சின்னம் அதன் சிறப்புப் படையினருக்கே உரியது. 2019 உலகக் கோப்பையில் தோனியின் கையுறையில் அது தெரிந்தபோது, விதிமீறல் என்று ஐசிசி ஆட்சேபித்தது. அவராவது பிராந்திய ராணுவத்தின் கௌரவ லெப்டினன்ட் கர்னல். 2015இல் ஆக்ராவில் பாராசூட்டில் குதித்துப் பயிற்சி பெற்றவர். அதே சின்னத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்பவருக்கு என்ன தகுதி?

பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்தார்கள். அதன்பின், அத்தகைய உடைகளைத் தவிர்க்குமாறு பொதுமக்களை ராணுவம் கேட்டுக்கொண்டது. 2022இல் அறிமுகமான புதிய போர்ச்சீருடையின் வடிவமைப்பையும் அது தன் பெயரில் பதிவுசெய்தது.

படைவீரர் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கில் உடையோ சின்னமோ அணிந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஆனால், நோக்கத்தை நிரூபிப்பது எளிதல்ல. எனவே அணிபவரைத் துரத்துவதைவிட விற்பனையை முறைப்படுத்துவதே விவேகம். பதவிச் சின்னம், படைப்பிரிவு வில்லை, பதக்க நாடா ஆகியவற்றைப் படையினரின் அடையாள அட்டை பார்த்தே விற்க வேண்டும். இணைய அங்காடிகளுக்கும் இவ்விதியை அரசு பொருத்த வேண்டும்.